தட்டோடு போகும் பெண்

கண்ணாடி வெட்டுகிறவனுக்குக் கண்ணும் கையும் நிதானமாக இருந்தால் போதும். நாக்கு எப்படி இருந்தாலும் யாரும் கேட்கப் போவதில்லை. அந்த ஒரு சலுகையில்தான் என் பிழைப்பு ஓடிக்கொண்டிருக்கிறது. கடையில் நான் ஓர் அளவைச் சொல்லிவிட்டால் தச்சர் மறுபேச்சுப் பேச மாட்டார். நான் வெட்டிய கண்ணாடி சட்டத்தில் போய் உட்காரும்போது 'டக்' என்று சின்னதாக ஒரு சத்தம் வரும். இடிக்கவும் இடிக்காது, ஆடவும் ஆடாது. ஆனால் கடையைப் பூட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டால், நான் சொல்வதை நம்ப இந்த உலகத்தில் ஆள் கிடையாது.

"கடையில அளக்குறது பத்தாதுன்னு இங்கயும் அளக்க ஆரம்பிச்சிட்டீங்களா?" என்பாள் என் மனைவி. வழியில் பெரிய பாம்பைப் பார்த்தேன் என்று சொன்னால், மகள் இரண்டு கைகளையும் அகல விரித்துக் காட்டி, என் முகத்தைப் பார்த்துக்கொண்டே கொஞ்சம் கொஞ்சமாகச் சுருக்குவாள். மண்புழு அளவுக்கு வந்ததும் நிறுத்தி, "இப்ப சரியா இருக்குமாப்பா?" என்பாள்.

அவர்கள் மேல் தப்பு இல்லை. எனக்குக் கதையை ஆரம்பிக்கத் தெரியும், நிறுத்தத் தெரியாது. அன்றைக்குப் பார்த்தது பாம்பும் அல்ல, சைக்கிள் டியூப்.

அதனால்தான் ஒரே ஒரு விஷயத்திலாவது என்னை நாலு பேர் நம்ப வேண்டும் என்று ஆசைப்பட்டேன். சின்ன வயதில் நான் டிவியில் பார்த்த ஒரு பேய்த் தொடர். அதை நான் ஒரு துளிகூட அளந்துவிட்டதில்லை. பார்த்ததைப் பார்த்தபடி, மில்லிமீட்டர் பிசகாமல் மனதில் வைத்திருந்தேன்.

எனக்கு அப்போது ஐந்து வயது. மரப்பெட்டியில் வைத்த டிவி. முன்பக்கம் இழுத்து மூடுகிற பலகைக் கதவு. வியாழக்கிழமை, இருட்டத் தொடங்கியதும் அந்தத் தொடர் வரும். முன்னறை விளக்கை அணைத்துவிட்டு அக்காவும் நானும் தரையில் உட்கார்ந்துவிடுவோம். அக்கா என்னைவிட ஆறு வயது பெரியவள். பயந்தால் கிள்ளலாம் என்பதற்காக என்னைப் பக்கத்தில் வைத்துக்கொள்வாள்.

தொடரில் நீளமான ஓர் அறை வரும். சுவர்கள் பானை வயிறு மாதிரி வளைந்திருக்கும். அறையின் கடைசியில், கிணற்றுக்கு அடியில் உட்கார்ந்திருப்பதுபோலச் சின்னதாக இரண்டு பிள்ளைகள். ஒரு பெண், ஒரு பையன். பையனின் இடது முழங்காலில் ஒரு கட்டு. இருவரும் சம்மணம் போட்டு நம்மையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். வாயைத் திறக்கவே மாட்டார்கள். பேச்செல்லாம் வேறு எங்கிருந்தோ வரும்: பெரியவர்களின் குரல்கள், கதவு கிறீச்சிடுவது, யாரோ ஒரு பெண் நெஞ்சுக்குள்ளிருந்து சிரிப்பது. பிள்ளைகள் அசையாமல் கேட்டுக்கொண்டிருப்பார்கள். மிகவும் பயங்கரமான இடம் வரும்போது மட்டும் பையன் இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொள்வான். எப்போது தெரியுமா? நான் பொத்திக்கொள்ளும் அதே நொடியில். நான் விரலிடுக்கு வழியாகப் பார்த்தால், அவனும் விரலிடுக்கு வழியாக என்னைப் பார்த்துக்கொண்டிருப்பான்.

"எப்பேர்ப்பட்ட டைரக்டர் பாருங்க!" என்று இதைச் சொல்லும்போதெல்லாம் நான் வியந்திருக்கிறேன். "பார்க்கிறவன் எங்க பயப்படுவான்னு அச்சு அசலா தெரிஞ்சு வச்சிருந்தார்!"

எல்லாவற்றையும்விடப் பயங்கரம் வேறொரு பெண். பிள்ளைகளுக்குப் பின்னால் வெளிச்சமான ஒரு வாசல் தெரியும். கதை நடுவில், எந்தச் சம்பந்தமும் இல்லாமல், கையில் தட்டோடு ஒருத்தி அந்த வாசலைக் கடந்து போவாள். முகம் தெரியாது. பிள்ளைகள் பக்கம் திரும்ப மாட்டாள். கொஞ்ச நேரம் கழித்து வெறுங்கையோடு திரும்பி வருவாள். அந்தத் தட்டை யாருக்குக் கொண்டுபோய்க் கொடுத்தாள்? வளர்ந்து, கல்யாணம் ஆகி, பிள்ளை பெற்ற பிறகும் சில நாள் படுக்கையில் அதையே யோசித்துக்கொண்டு கிடந்திருக்கிறேன்.

இப்படிப்பட்டவனுக்கு ஏற்ற ஒரு சங்கமும் கிடைத்தது. எங்கள் தெருக்கோடியில் பல் டாக்டரம்மா ஒருவர் இருக்கிறார். அவருடைய ஆஸ்பத்திரிக் கதவுக்குக் கண்ணாடி போடப் போன இடத்தில் பேச்சு வளர்ந்து, அவரும் என்னைப் போலப் பழைய பேய்த் தொடர்ப் பைத்தியம் என்று தெரியவந்தது. ஞாயிற்றுக்கிழமை அவருக்கு விடுமுறை. மதியத்துக்கு மேல், நோயாளிகள் காத்திருக்கும் அறையில் பத்துப் பன்னிரண்டு பேர் கூடுவோம். வாயைப் பிளந்த பெரிய பல் படத்துக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு, வளர்ந்த மனிதர்கள் மாற்றி மாற்றிப் பேய்க்கதை பேசுவோம். தையல்காரம்மா பார்த்த தொடரில், ஆளில்லாத வீட்டில் ஒரு பொம்மை தையல் மிஷினை மிதிக்கும். டாக்டரம்மா பார்த்ததில் அலமாரிக்குள் தொங்கும் ஒரு கோட்டு மூச்சு விடும். அந்தக் காலத்துத் தொடர்களில் பேய் நடந்தால் சுவர் ஆடும். தானாக நகரும் நாற்காலியில் கட்டிய நூல் பளிச்சென்று தெரியும். புகை அளவுக்கு மீறிப் போய்விட்டால் பேயே இருமும். இருந்தும் பயந்தோம். பயந்ததைப் பற்றி இப்போது எவ்வளவு பெருமையாகப் பேசிக்கொண்டோம் என்று நினைத்தால் எனக்கே கூச்சமாக இருக்கிறது.

டாக்டரம்மா கறாரானவர். ஒரு தொடரைச் சங்கம் ஏற்றுக்கொள்ள வேண்டுமானால் இரண்டு பேர் அதைப் பார்த்திருக்க வேண்டும். ஒருவர் மட்டும் சொன்னால் கேட்டுக்கொள்வோம், ஆனால் ஏற்க மாட்டோம். என் தொடருக்கு இரண்டு வருஷமாக இரண்டாவது ஆள் கிடைக்கவில்லை.

"ரெட்டைப்பிள்ளை, உங்க ஆளு வந்தாச்சா?" என்று தையல்காரம்மா ஒவ்வொரு வாரமும் கேட்பார். அதுவே எனக்குப் பட்டப்பெயராகிவிட்டது.

அக்காவை போனில் கேட்டேன். "அந்த வியாழக்கிழமைத் தொடர் ஞாபகம் இருக்கா?"

"இல்லாம? அந்தச் சிரிப்பு! இப்ப நினைச்சாலும் தூக்கிவாரிப் போடுது. சரி, அடுப்புல பால் வச்சிருக்கேன்" என்று வைத்துவிட்டாள்.

இதைக் கொண்டுபோய்ச் சங்கத்தில் சொன்னேன். "சொந்த அக்கா சாட்சி செல்லாது" என்றார் டாக்டரம்மா.

அப்புறம்தான் கண்டக்டர் அண்ணன் வந்து சேர்ந்தார். பஸ்ஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி போய்ச் சேர்ந்துவிட்டார். பிள்ளைகள் வேறு ஊரில். பல் கட்ட வந்தவர், டாக்டரம்மா சொல்லி ஞாயிற்றுக்கிழமையும் வந்தார். நாற்காலி காலியாக இருந்தாலும் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி நின்றுகொண்டுதான் கேட்பார். முதல் சில வாரம் வாயே திறக்கவில்லை. நான் என் தொடரைச் சொன்ன அன்று, பிள்ளைகள் அசையாமல் பார்த்துக்கொண்டிருப்பதைச் சொல்லும்போது, அவர் முகம் மாறியது.

"தம்பி, அவங்க முகத்துல நீலமா ஒரு வெளிச்சம் அடிக்குமே?"

எனக்கு அப்படி ஒன்றும் ஞாபகம் இல்லை. ஆனால் இரண்டு வருஷமாகக் காத்துக்கிடக்கிறவனுக்கு நீலம் என்ன, பச்சை என்ன?

"ஆமாண்ணே! நீலம்!" என்றேன்.

"நான் பாத்திருக்கேன் தம்பி. நல்லாப் பாத்திருக்கேன். ஆடாம அசையாம, அப்படியே முழிச்சிக்கிட்டு."

தையல்காரம்மா கை தட்டினார். டாக்டரம்மா மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, "சரி, ஏத்துக்கிட்டோம்" என்றார். அன்றைக்கு நான் வீட்டுக்கு நடந்து வரவில்லை, மிதந்து வந்தேன். அதன்பிறகு ஞாயிறுதோறும் கண்டக்டர் அண்ணனும் நானும் சேர்ந்தேதான் போவோம், சேர்ந்தேதான் வருவோம். வழி முழுக்க நான் பேசுவேன், அவர் நம்புவார். சைக்கிள் டியூப்பைப் பாம்பு என்று சொன்னபோதுகூட, "எவ்வளவு நீளம் இருக்கும் தம்பி?" என்றுதான் கேட்டார்.

இந்த நேரத்தில் நூலகத்தில் ஒரு மாலைக் கூட்டத்துக்கு டாக்டரம்மா ஏற்பாடு செய்தார். சங்கத்துக்காரர்கள் ஊராருக்கு முன்னால் ஆளுக்கொரு தொடரைச் சொல்ல வேண்டும். யாருக்கும் தெரியாத தொடர் என்பதால் முதலில் என்னுடையது. பேசி முடித்ததும் சாட்சியாகக் கண்டக்டர் அண்ணன் எழுந்து இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். நான் சட்டையை இஸ்திரிக்குக் கொடுத்தேன். அக்காவையும் அம்மாவையும் வரச் சொன்னேன். அம்மா அக்கா வீட்டில்தான் இருக்கிறாள். அங்கே குளியலறை ஒழுகி, வேலை நடந்துகொண்டிருந்தது. அதுவும் சேர்ந்துகொள்ள, இருவரும் ஒரு வாரத்துக்குத் துணிமணியோடு வந்து இறங்கினார்கள்.

கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்னால், சாயங்காலம், இருவரும் கடைக்கு வந்தார்கள். நகைக்கடைக்காரர் ஒருவர் கேட்டிருந்த கறுப்புக் கண்ணாடியை அப்போதுதான் விளிம்பு தேய்த்துச் சுவரோரம் சாய்த்து வைத்திருந்தேன். முன்பக்க விளக்கு பழுதாகிப் பத்து நாளாயிற்று. பின்னறை விளக்கு மட்டும் எரிந்தது. அக்காவைப் பக்கத்தில் ஸ்டூலில் உட்காரவைத்து, பேசப் போவதை ஒத்திகை பார்த்தேன். அம்மா பின்னறையில் என் சாப்பாட்டுப் பாத்திரங்களை உருட்டிக்கொண்டிருந்தாள்.

மரப்பெட்டி டிவி, அணைத்த விளக்கு வரை அக்கா தலையாட்டினாள். இரண்டு பிள்ளைகள் வந்ததும் நெற்றியைச் சுருக்கினாள்.

"எந்தப் பிள்ளைங்கடா?"

"தொடர்ல வர்ற பிள்ளைங்க."

"தொடரை நீ எங்க பாத்தே?"

"என்னக்கா, நீயும் நானும் ஒண்ணா உக்காந்து..."

"கேட்டோம்டா. பாக்கல. அப்ப நம்ம டிவில படமே வரலையே! டியூப் போயிருச்சு. மெக்கானிக் கழட்டிட்டுப் போறேன்னான், வரவே இல்ல. சத்தம் மட்டும்தான். படம் போனா என்ன, பேச்சு இருக்கேன்னு அப்பா ஒரு வருஷம் அதை ரேடியோ மாதிரி ஓட்டினார். மறந்துட்டியா?"

"அதெல்லாம் இல்ல. நான் பாத்தேன். செய்தி வேற பாத்திருக்கேன்."

"செய்தில என்ன தெரிஞ்சுது, சொல்லு பாப்போம்."

யோசித்தேன். ஐந்து வயதில் எனக்குச் செய்தி என்பது டிவி முன்னால் உட்கார்ந்த அப்பாவின் முதுகு. அதற்கு மேல் ஒன்றும் ஞாபகத்துக்கு வரவில்லை. இருந்தாலும் விடவில்லை. இந்த விஷயத்தில் மட்டும் நான் அளப்பதில்லை என்று அக்காவுக்குக் காட்டிவிட வேண்டும் என்று, நேராக உட்கார்ந்து, முகத்தைப் பொத்திக்காட்டி, "அந்தப் பையன் இப்படித்தான்க்கா..." என்று ஆரம்பித்தேன்.

விரலிடுக்கு வழியாக எதிரே பார்த்தேன். கறுப்புக் கண்ணாடியில் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். வழுக்கை விழுந்த ஒருவன் முகத்தைப் பொத்திக்கொண்டிருந்தான். பக்கத்தில் நரைத்த தலையோடு ஒருத்தி. அவர்களுக்குப் பின்னால் வெளிச்சமான வாசல். அந்த வாசலைக் கடந்து, கையில் தட்டோடு, இந்தப் பக்கம் திரும்பாமல், என் அம்மா போனாள்.

இத்தனை வருஷமாகக் கண்ணாடியில்தான் நான் சோறு தின்கிறேன். எந்த வெளிச்சம் எங்கே இருந்தால் எதில் எது விழும் என்று வாடிக்கையாளர்களுக்கு வகுப்பே எடுப்பேன். பின்னால் விளக்கு, முன்னால் இருட்டு, எதிரே கறுப்பான பளபளப்பு இருந்தால் அது நிலைக்கண்ணாடிதான். டிவித் திரை முன்பக்கம் புடைத்தது. அதில் விழுகிற அறை நீண்டு, சுவர் வளைந்து, ஆள் சிறுத்துத்தான் தெரியும். "கண்ணாடியில வலது இடதா மாறும்ங்க, பாத்து மாட்டுங்க" என்று நாளைக்கு நாலு பேருக்குச் சொல்கிற வாய் இது.

"அக்கா, அப்ப எனக்கு முழங்கால்ல அடிபட்டிருந்துச்சா?"

"ஆமா. மாடிப்படில விழுந்தே. வலது முழங்கால். அம்மா கட்டுப் போட்டு விட்டா. ஏன்?"

நான் என் வலது முழங்காலைத் தொட்டுக் கண்ணாடியில் பார்த்தேன். அக்கா என்னையும் எதிரே இருந்த கண்ணாடியையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் எப்போதுமே என்னைவிடக் கெட்டிக்காரி. வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஸ்டூலிலிருந்து சரிந்துவிட்டாள். "அம்மா! இங்க வாங்களேன்! உங்க பிள்ளை பயந்த பேய் யாருன்னு வந்து பாருங்க!"

அம்மாவுக்கு எல்லாவற்றையும் விளக்கிச் சொல்ல வேண்டியிருந்தது. பொறுமையாகக் கேட்டாள். கேட்டுவிட்டு, "அப்ப அந்தத் தட்டுக்காரி நான்தானா?" என்றாள்.

"ஆமாம்மா."

"என்னைப் பாத்தாடா நீ இத்தனை வருஷமா பயந்துக்கிட்டுக் கிடந்தே?"

"தெரியாதும்மா."

"அதையும் ஊரெல்லாம் சொல்லியிருக்கே. தட்டை யாருக்குக் கொண்டு போனாளாம்! உங்கப்பனுக்குத்தான்டா. பின்கட்டுல உக்காந்து சாப்பிடுவார். அந்தச் சிரிப்புச் சத்தம் கேட்டா அவருக்கு உள்ள இறங்காது."

இரவு மனைவியிடமும் மகளிடமும் சொன்னேன். எதிர்பார்த்த அளவுக்கு மேலேயே சிரித்தார்கள். மகள் கைகளை விரித்துச் சுருக்கக்கூட இல்லை. அந்த அளவையெல்லாம் நான் தாண்டிவிட்டேன் போலும். சிரித்து ஓய்ந்த பிறகு மனைவிதான் கேட்டாள்: "அப்ப அந்தக் கண்டக்டர் எதைப் பாத்தாராம்?"

அதுவரை எனக்கு அது தோன்றவே இல்லை. இல்லாத தொடரைக் கண்ணால் பார்த்ததாக ஒரு மனிதர் சொல்லியிருக்கிறார். உண்மையை நான் மேடையில் போட்டு உடைத்தால், ஊர் முன்னால் அவர் பொய்யர். சொல்லாமல் மறைத்தால், முன்வரிசையில் உட்கார்ந்திருக்கப் போகும் அம்மா மறைக்க மாட்டாள்.

"நீங்க சொல்றதையெல்லாம் நம்புற ஒரே ஆளு அவர்தான்" என்றாள் மனைவி. இந்த முறை அவள் சிரிக்கவில்லை. "அவரையும் போக்கிக்காதீங்க. முதல்ல போய்த் தனியாப் பேசுங்க."

மறுநாள் கடையை மதியமே மூடிவிட்டுப் போனேன். கண்டக்டர் அண்ணன் வீடு பஸ் நிலையத்துக்குப் பின்னால், ஒரே மாதிரி வீடுகள் வரிசையாக இருக்கும் தெருவில். ஓர் அறை, ஒரு சமையலறை. கட்டிலுக்கு எதிரே புது டிவி ஒன்று பிரிக்காத பிளாஸ்டிக் உறையோடு இருந்தது. மகன் வாங்கி அனுப்பியதாம். எனக்கு நாற்காலியைப் போட்டுவிட்டு அவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். சுற்றி வளைத்தேன். டிவிப் பெட்டியின் மரம், விளக்கு இருந்த இடம், திரையின் புடைப்பு என்று ஆதியிலிருந்து தொடங்கி, அம்மாவில் முடித்தேன்.

"அண்ணே, நான் உங்களைக் குத்தம் சொல்ல வரல. நாளைக்கு நான் ஒண்ணு பேசி, அது உங்களுக்கு..."

"தம்பி," என்றார் அவர். "அந்த மாதிரித் தொடர் ஒண்ணுகூட நான் பாத்ததில்ல."

"எது?"

"எதையுமே. எனக்கு எப்பவும் சாயங்கால டூட்டி. தொடர் ஓடுற நேரம் பூரா நான் பஸ்ல. வீட்டுக்குப் போனா பிள்ளைங்க தூங்கியிருக்கும். காலைல நான் எந்திரிக்கும்போது பள்ளிக்கூடம் போயிருக்கும். வியாழக்கிழமை அந்த நேரத்துக்கு பஸ்ல ஒரு ஈ காக்கா ஏறாது தம்பி. டிரைவரும் நானும் காலி வண்டிய ஓட்டிக்கிட்டுப் போவோம். தெருவுல ஆள் கிடையாது. ரெண்டு பக்கமும் வீடு. ஒவ்வொரு ஜன்னல்லயும் நீலமா வெளிச்சம். உள்ள பிள்ளைங்க, பெரியவங்க, எல்லாரும் ஒரே பக்கம் பாத்துக்கிட்டு, ஆடாம அசையாம, வாயப் பொளந்து உக்காந்திருப்பாங்க. யாரும் பேச மாட்டாங்க. ஆனா வீட்டுக்குள்ளேருந்து பேச்சுச் சத்தம் வரும். சிரிப்பு வரும். எனக்கு எப்படி இருக்கும் தெரியுமா? ஊருல உள்ள அத்தனை பேருக்கும் ஏதோ ஆயிருச்சு, நானும் டிரைவரும் மட்டும் தப்பிச்சிட்டோம்னு இருக்கும்."

கம்பியை மாற்றிப் பிடித்துக்கொண்டார்.

"நீங்க அந்தப் பிள்ளைங்களைச் சொன்னதும் எனக்கு அதான் கண்ணுல வந்துச்சு. பாத்திருக்கேன்னு சொன்னேன். அது பொய் இல்ல. டிவில பாத்தீங்களான்னு நீங்க யாரும் கேக்கல. கேட்டிருந்தா இல்லேன்னுதான் சொல்லியிருப்பேன்... சொல்லியிருப்பேனான்னு தெரியல. நீங்க எல்லாரும் கை தட்டிட்டீங்க."

"அப்ப எதுக்குண்ணே ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை வர்றீங்க?"

"அந்த வீட்டுக்குள்ள என்னதான் நடந்துச்சுன்னு தெரிஞ்சிக்கத்தான்" என்றார். "தெரிஞ்சுகிட்டா பிள்ளைங்ககிட்ட போன்ல பேசலாமேன்னு."

நான் நாற்காலியை விட்டு எழுந்து, "நாளைக்கு வராதீங்கண்ணே. உடம்பு சரியில்லைன்னு சொல்லிடறேன்" என்றேன்.

"உடம்பு நல்லாத்தானே இருக்கு?"

"ஒரு பேச்சுக்குச் சொல்றேன்."

"ஏற்கெனவே ஒரு பேச்சுக்குச் சொல்லித்தான் இவ்வளவு தூரம் வந்திருக்கோம்" என்றார். "ரெண்டு பேரும் போவோம். நீங்க பாத்ததை நீங்க சொல்லுங்க. நான் பாத்ததை நான் சொல்றேன்."

ஞாயிற்றுக்கிழமை நூலகத்தில் நாற்காலிகள் நிறைந்திருந்தன. டாக்டரம்மா என்னை அறிமுகப்படுத்தும்போது, "ரெண்டு பேர் கண்ணால பாத்த தொடர்" என்று அழுத்திச் சொன்னார்.

சொன்னேன். முதலில் தொடரைப் பழையபடியே சொன்னேன், தட்டுக்காரி வரை. கூட்டம் அசையாமல் கேட்டது. பின்வரிசையில் ஒரு குழந்தை அப்பாவின் மடியில் ஏறிக்கொண்டது. அந்த இடத்தில் நிறுத்தியிருந்தால் அது என் வாழ்நாளின் மிகச் சிறந்த பேச்சாக இருந்திருக்கும். நிறுத்தத் தெரியாதவன் என்பதால் இந்த ஒரு முறை பிழைத்தேன். டிவியில் படம் வராததைச் சொன்னேன், கறுப்புக் கண்ணாடியைச் சொன்னேன், முழங்கால் கட்டைச் சொன்னேன். டைரக்டரை நான் புகழ்ந்த புகழ்ச்சியையும் விடவில்லை. முதலில் ஒருவர் சிரித்தார்; அப்புறம் யார் சிரிக்கவில்லை என்று தேட வேண்டியிருந்தது. டாக்டரம்மா சிரிக்கவில்லை.

"அப்ப சாட்சி?" என்றார்.

கண்டக்டர் அண்ணன் எழுந்தார். ஏற்கெனவே நின்றுகொண்டுதான் இருந்தார்; ஓர் அடி முன்னால் வந்தார், அவ்வளவுதான். என்னிடம் சொன்னதையே சொன்னார், பிள்ளைகளிடம் பேசுவதைப் பற்றிச் சொன்னதை மட்டும் விட்டுவிட்டு. காலி பஸ், நீல ஜன்னல்கள், ஒரே பக்கம் பார்த்துக்கொண்டு உறைந்துபோன முகங்கள். யாரும் சிரிக்கவில்லை. அந்த ஜன்னல்களுக்குள் உட்கார்ந்திருந்தவர்கள்தானே அந்த அறையில் பாதிப் பேர்? தையல்காரம்மா முந்தானையை இழுத்து மூடிக்கொண்டார். "அய்யய்யோ, எங்களையா பாத்தீங்க?" என்று யாரோ மெல்லக் கேட்டார்கள்.

டாக்டரம்மா கொஞ்ச நேரம் யோசித்தார். பல்லைப் பிடுங்கலாமா, அடைக்கலாமா என்று யோசிக்கும் முகம். "ரெண்டு பேரும் பாத்தது நிஜம். ஆனா தொடர் கிடையாது. அதனால ஏத்துக்க முடியாது" என்றார். சொல்லிவிட்டு என்னைப் பார்த்து, "அடுத்த தடவை பேச வர்றப்ப, டிவில படம் வந்துச்சான்னு முதல்ல விசாரிச்சிட்டு வாங்க" என்றார்.

ஆக, இரண்டு வருஷம் காத்திருந்து ஏற்கப்பட்ட என் தொடர், நாலு ஞாயிறுகூட நிலைக்காமல் தள்ளுபடி ஆயிற்று. அழுகை வரும் என்று நினைத்தேன். ஆனால் முதல் தடவையாக, கடைக்கு வெளியே நான் சொன்னதை ஓர் ஆள் விடாமல் நம்பியிருந்தார்கள். இவ்வளவு அவமானமான ஒன்றை எவனும் கட்டிச் சொல்ல மாட்டான் என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

கூட்டம் முடிந்ததும் யாராவது வந்து என் கையைப் பிடித்துக் குலுக்குவார்கள் என்று மேடை ஓரத்தில் நின்று பார்த்தேன். எல்லாரும் முன்வரிசைக்குப் போனார்கள். என் அம்மாவைச் சுற்றி ஒரே கூட்டம். "நீங்கதானா அது?" என்று ஒரு சின்னப் பெண் கேட்க, அம்மா எழுந்து, தேநீர்க் கோப்பைகள் இருந்த தட்டை இரண்டு கைகளாலும் எடுத்து, யாரையும் திரும்பிப் பார்க்காமல் நாலு அடி நடந்து காட்டினாள். பிள்ளைகள் அலறிக்கொண்டு ஓடி, உடனே திரும்பி வந்து, "இன்னொரு தடவை" என்றார்கள். அக்கா பக்கத்தில் நின்று, எப்படி நடக்க வேண்டும் என்று யோசனை சொல்லிக்கொண்டிருந்தாள். மகள் அதை போனில் படம் பிடித்தாள்.

"ரெட்டைப்பிள்ளை, சும்மாதானே நிக்கிறீங்க? நாற்காலிய மடக்குங்க" என்றார் தையல்காரம்மா.

நானும் கண்டக்டர் அண்ணனும் மடக்கி மடக்கிச் சுவரோரம் சாய்த்தோம். கடைசி வரிசைக்கு வந்தபோது அவர் கேட்டார்: "தம்பி, பிள்ளைங்க போகட்டும். சத்தம் வந்துச்சே, அந்தத் தொடர். அதுல கதை என்ன? அந்தப் பொம்பளை எதுக்குச் சிரிச்சா?"

சொல்வதற்கு வாயைத் திறந்தேன். ஒரு வரியும் வரவில்லை. யார் செத்தார்கள், யார் கொன்றார்கள், கதவைத் திறந்தது யார், எதுவுமே தெரியவில்லை. வியாழன் தவறாமல் முழுத் தொடரும் என் காதில் விழுந்திருக்கிறது. நானோ அந்த இரண்டு பிள்ளைகளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறேன்.

"தெரியலண்ணே" என்றேன்.

"அப்ப நீங்களும் நம்ம பஸ்லதான் வந்திருக்கீங்க" என்று சொல்லிவிட்டு, அவர் அடுத்த நாற்காலியை மடக்கினார்.